இடப்பக்கத்துப் பெட்டி

லூர்து அண்ணன் இறந்த செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. நம்முடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகி வெகுநாளாகிறது. ஏன் விலகினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று மதியம் ஈப்போவில் நல்ல மழை. தெலுக் இந்தானிலிருந்து அவர் மகள் ஜெசிந்தா பேசினாள்.

“அங்கிள், அப்பா காலையில போயிட்டாரு.” பிறகு சொன்னாள்: “அந்த ஸ்பீக்கர் பெட்டி உங்களுக்குத்தானாம். வந்து எடுத்துக்குவீங்களா?”

“பார்க்கலாம்” என்றேன்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. பழைய ஸ்பீக்கர் என்றால் உயிரை விடும் நீங்கள் எல்லாரும் போனீர்கள். ‘அவன் வந்தானா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதையும் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜோடி ஸ்பீக்கர் எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பின்னால் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. காம்பாருக்கு உள்ளே ஒரு பழைய தோட்டம். ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய், வீடு கட்ட மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடிக்கப்போகும் துரை பங்களாவிலிருந்து சாமான்களை எடுத்த வியாபாரியிடம் இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதாகத் தெரிந்து, நானும் அண்ணனும் போனோம். இடுப்பு உயரத் தேக்குப் பெட்டிகள். உள்ளே காகிதக் கோன்கள் கிழியாமல் இருந்தன. அண்ணன் அவற்றைத் தொடவே இல்லை, பார்த்தபடி நின்றார். அவர் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், ரப்பர் பால்வெட்டுக்காரரின் மகன்.

“இதே பெட்டிதான் செட்டியாரே. வேலிக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன். உள்ள ஒக்காந்து கேட்டவனுக்குப் பாட்டுத் தெரியும். வெளிய நின்னு கேட்டவனுக்குத்தான் பெட்டி தெரியும்.”

சேர்ந்தே வாங்கினோம். இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் இயற்பியல், அவர் வரலாறு. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னைச் ‘செட்டியாரே’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக் கூட்டத்தில் அவர் செய்தது உங்களுக்கு மறந்திருக்காது. இடப்பக்கத்துப் பெட்டியை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய், அதன் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் மைக் சொருகும் இடத்தில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கூடத்தில் இருந்த பெட்டியிலிருந்து முதலில் ஒரு மூச்சு வந்தது. பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவர் குரல்: “கேக்குதா? நான் இங்கதான் இருக்கேன்.” என் மனைவி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போய்விட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “பேசறதும் கேக்கறதும் இதுக்கு ஒரே வேலைலா. உள்ள இருக்கற காகிதம் ஆடினா போதும்.”

அவர் சொன்னது உண்மை, இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது. அன்றிலிருந்து, எதனோடும் இணைக்காமல் கிடக்கும் பெட்டிகளில்கூட அவர் காதை வைத்துப் பார்ப்பார். உங்களில் ஒருவர், “தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒரு கட்டில் சொல்லி வைக்கட்டுமா அண்ணே?” என்று கேட்டார்.

“ரெண்டா சொல்லு. தொணைக்கு நீயும் வா” என்றார் அவர், காதை எடுக்காமலே.

இனி சண்டைக்கு வருகிறேன். பெட்டிகளுக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கெப்பாசிட்டர்கள் கெட்டிருந்தன. கணக்குப் போட்டு, கருவி வைத்து அளந்து, நான் புதியவற்றை மாற்றினேன். அண்ணன் ஒரு பாட்டுக் கேட்டார். இரண்டாவது பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. உங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: “செட்டியாரே, ஒங்களுக்குப் படிப்பு இருக்கு. காது இல்ல.”

நீங்கள் சிரித்தீர்கள். யார் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தீர்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். பள்ளியில் என் பதவி உயர்வு பறிபோன கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவரும் இதே அண்ணன்தான். “உங்க பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன். இடப்பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஜோடி பிரிந்தது. ஒற்றைப் பெட்டியில் பாட்டு ஒரு மூலையிலிருந்துதான் வரும். இரண்டும் சரியாகப் பொருந்தி ஒலித்தால் மட்டுமே, பெட்டிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் பாடுபவர் வந்து நிற்பார். நம்மில் இது தெரியாதவர் இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைக்க உங்களில் ஒருவரும் முயலவில்லை. அவரிடம் என்னைப் பற்றியும், என்னிடம் அவரைப் பற்றியும் சொல்லிச் சுவைத்தீர்கள்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறு மாலையும் வலப்பக்கத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். உச்ச ஸ்தாயி காதைக் குத்தியது. அதை எழுப்பும் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு சிறு ரெசிஸ்டரைப் போட்டு அடக்கினேன். இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம், எதிரொலியை அடக்க உள்ளே வைத்திருந்து, பொடிந்துபோயிருந்த கண்ணாடிப் பஞ்சை வாரிக் கொட்டிவிட்டு, ஒரு பழைய தலையணையைப் பிரித்து அதிலிருந்த இலவம்பஞ்சை அடைத்தேன். குரல் தெளிந்தது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் தெலுக் இந்தானுக்குப் போனேன். கால்கள் விழுந்துபோன பிறகு, போன ஆண்டே ஜெசிந்தா அவரை அங்கே அழைத்துப் போய்விட்டாள். கட்டிலை இன்னும் கழற்றவில்லை. தலைமாட்டில் பெட்டி இருந்தது.

“பாட்டுக் கேட்டாரா?” என்றேன்.

“இல்ல அங்கிள். ஒயரே மாட்டல. காதை மட்டும் அதுமேல ஒட்டி வெச்சிக்கிட்டுப் படுத்திருப்பாரு. டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். வயசாயிருச்சு, விட்டுருங்கன்னாரு.” ஜெசிந்தா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “தைப்பூச லீவு முடிஞ்ச வாரம் ஒரு நாளு, தலையணையக் கிழின்னு ஒரே ரகளை. தலைக்கு வெச்சிருந்த தலையணை, அங்கிள். ‘செட்டியாரு பஞ்சை மாத்திட்டாரு, நம்மளும் மாத்தணும்’னு. நான்தான் பெட்டியத் தொறந்து அடைச்சேன். நீங்க போன் பண்ணிச் சொன்னீங்களா?”

நான் போன் செய்யவில்லை. பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரை வீட்டுப் பின்சந்தில் நிறுத்திப் பெட்டியை இறக்கும்போது, பக்கத்து வீட்டுக் கமலா அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். யாருடைய பெட்டி என்று கேட்டார். லூர்து என்று ஒரு சிநேகிதர், இறந்துவிட்டார் என்றேன்.

“கொஞ்சம் காலைச் சாய்ச்சு நடப்பாரே, அவரா? ஐயோ பாவம். ஞாயித்துக்கெழமையானா இங்கதான வந்து நிப்பாரு.” என் வீட்டுப் பின் ஜன்னலுக்கு நேராகக் கையைக் காட்டினார். “மோட்டார நிறுத்திட்டு, ஹெல்மெட்டக் கையில வெச்சிக்கிட்டு. காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்டா வாய்மேல வெரல வெப்பாரு. ஒங்க வீட்டு ஆளுன்னுல நெனச்சேன். ஒரு வருஷமா ஆளையே காணோம்.”

உள்ளே கொண்டுவந்து பெட்டியைத் திறந்தேன். ட்வீட்டருக்கு முன்னால் அதே அளவு ரெசிஸ்டர். அதற்குக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. சந்தில் நின்று என் பெட்டியைக் கேட்டு, அதற்கு ஏற்றபடி தன்னுடையதைச் செய்திருக்கிறார். அதற்குப் பின்னால் இலவம்பஞ்சு, கறுப்பு விதைகளோடு. அதற்கு என்னிடம் காரணம் இல்லை. எழுந்து நடக்க முடியாத மனிதர், மழை இல்லாத நாளிலேயே கார் ஒன்றரை மணி நேரம் ஓடவேண்டிய தூரத்தில் படுத்துக் கிடந்தவர். வாழ்நாளெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த நான், அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் தலை எண்ணெய் வாசம் இருந்தது.

இரண்டையும் இணைத்துப் பாட்டு வைத்தேன். குரல் வந்தது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. பின் ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பெட்டிகளை நகர்த்தினேன், அளந்தேன். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. பிறகு ஏதோ தோன்றி, பாட்டை ஓடவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனேன். கமலா அக்கா காட்டிய இடத்தை நெருங்கும்போதே குரல் ஜன்னலுக்குள் நிமிர்ந்து நின்றது. யாரும் இல்லாத என் கூடத்தின் நடுவில், மூச்சு வாங்குவது தெரிகிற அளவுக்கு, ஒருவர் நின்று பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் பெட்டியைச் செய்தது என் நாற்காலிக்காக அல்ல, வெளியே நிற்கும் இந்த இடத்துக்காக.

உங்களில் இருவர் அந்த ஜோடியை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். தரமாட்டேன். அவர் அன்று சொன்னதை நான் மன்னிக்கவும் இல்லை, நீங்கள் சிரித்ததையும்தான். என்னிடம் இருப்பது அவருடைய பெட்டியும், அதற்குள் அவர் தலை சாய்ந்த பஞ்சும், ஞாயிறு மாலைகளும். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் சந்துக்குப் போகிறேன். அவருடைய மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டு பதிந்து பதிந்து தாரில் ஒரு சிறு குழி விழுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, ஒதுங்கி நின்று கேட்கிறேன்.