இறால் வைத்துப் பார்த்த சிலிண்டர்

மனைவியின் அஸ்தியைப் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கரைக்க, ஏரி நீர் வடிவதற்குள் நான் படகேற வேண்டியிருந்தது. கலயத்துடன் நான் பின்னால் அமர்ந்துகொள்ள, முந்தின நாளிலிருந்து தன் வீட்டில் நின்றிருந்த என் பழைய இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை, நான் அமர்த்தியிருந்த படகுக்காரரே ஓட்டினார். டச்சுக் கல்லறை வாசலில் அது திணறி நின்றது.

"ஒரு சிலிண்டர் வேல செய்யல, சார். எதுன்னுதான் தெரியல."

அங்கே இறால் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி எழுந்து வந்தார்.

"இதுக்கா முழிக்கிற, அண்ணா?"

இரண்டு புகைக்குழாய்கள் மீதும் ஒவ்வோர் உயிர் இறாலை வைத்தார். இடப்புறத்து இறால் சுரீரென்று சிவந்தது. வலப்புறத்து இறால் மீசையை ஆட்டிக்கொண்டு நலமாக இருந்தது.

"இந்த அடுப்பு எரியல. தொறந்து பாரு."

படகுக்காரர் வலப்புறப் பிளக்கைக் கழற்றினார். முனை முழுவதும் கிரீஸ் அப்பியிருந்தது.

"நேத்து நான்தான் தடவுனேன், சார். உப்புக்காத்து தின்னுடும்னு... போட் இன்ஜின் நெனப்புல."

"இன்னொன்றில்?" என்றேன்.

"அதுக்குள்ள கிரீஸ் தீந்துபோச்சு."

கலயத்தை அணைத்தபடி சிரிப்பது முறைதானா என்று தெரியாமல் இருமினேன்.

துடைத்து மாட்டியதும் வண்டி முழங்கியது. துறையில் படகு மிதக்குமளவு நீர் மிச்சமிருந்தது. முகத்துவாரம் வரை அவர் வெட்கத்தால் என் பக்கம் திரும்பவேயில்லை. சிரித்து முடிக்க எனக்கு அவகாசம் கிடைத்தது.