ஈடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது: சேலம், நாமக்கல் பக்கம் கடன் கணக்கெடுக்கப் போன பயணம்

போன வாரம் ஒரு பெண் இங்கே பின்னூட்டம் போட்டிருந்தாள். ஆராய்ச்சி மாணவி. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் குடும்பங்களின் கடன் சுமையை அளக்கப் போகிறாளாம். "நீங்கள் அந்தக் காலத்தில் இதே வேலை செய்ததாக ஒரு பதிவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போனீர்கள், எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாள். பதிலைப் பின்னூட்டத்தில் அடக்க முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் படிப்பு முடிந்து வேலை இல்லாத நேரம். மாநிலம் முழுக்கக் குடும்பக் கடன் எவ்வளவு, எந்தத் தாலுகாவில் கஷ்டம் அதிகம் என்று அறிய ஓர் ஆய்வு நடந்தது. பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். காரணம் எளிது. ஆண்களிடம் கேட்டால் ஒரு தொகை வரும், வீட்டுப் பெண்களிடம் கேட்டால் வேறு தொகை வரும். எங்கள் பங்குச் சாமியார் சொல்லித்தான் அப்பா என்னை அனுப்பச் சம்மதித்தார். "ஊர் ஊராகத் தனியாகப் போவாளா?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். தினப்படி மூன்று ரூபாய், பேருந்துக் கட்டணம் தனி.

எனக்கு முதலில் கிடைத்தது கிழக்குப் பக்கம். சேலத்திலிருந்து ஆத்தூர் முப்பத்து மூன்று மைல், அங்கிருந்து கெங்கவல்லி இன்னொரு பத்து மைலுக்கு மேல். காலை ஆறு மணி வண்டியைப் பிடித்தால் ஆத்தூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டியில் பத்து மணிக்குள் கெங்கவல்லி போய்விடலாம். அந்த இரண்டாவது வண்டி நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்புவது என்றால் கூரைமேல் மூட்டைகளும் நிரம்ப வேண்டும். வெயில் காலத்தில் போகிறவர்கள் இடதுபுறம் உட்காரக் கூடாது என்பதை நான் முதல் நாளே கற்றேன்.

கெங்கவல்லியில் முதல் மூன்று வீட்டிலும் "கடன் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: இல்லை. நான் ஜப்திக்கு வந்த ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் பக்கத்து ஊருக்குப் போனால் நிலைமை தலைகீழ். கடனையெல்லாம் சர்க்கார் தள்ளுபடி செய்யப் போகிறது என்று எனக்கு முன்பே புரளி போய்ச் சேர்ந்திருந்தது. ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்து, "வாம்மா, எனக்கு அஞ்சாயிரம்னு போட்டுக்க. பத்தலைன்னா ஏழுன்னு போடு" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "யாருக்கிட்ட வாங்குன? எனக்குத் தெரியாம எங்க வச்சிருக்க?" என்று கத்தினாள். தள்ளுபடி கிடையாது என்று நான் விளக்கியதும் அவருடைய ஏழாயிரம் எண்பது ரூபாயாக இறங்கியது.

அதன் பிறகு படிவத்தில் உள்ள வரிசையை விட்டுவிட்டேன். விதைக்கு என்ன செய்தீர்கள், மாடு எப்போது வாங்கினீர்கள், பெண்ணுக்கு எப்போது கல்யாணம் நடந்தது என்று பேச்சை வேறு வழியில் ஆரம்பித்தேன். கடன் அந்தக் கதைகளுக்குள்ளிருந்து தானாக வெளியே வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் எழுதியதை நம்ப முடிந்தது.

நாமக்கல் பக்கம் போனது ஆவணி மாதத்தில். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக முப்பத்திரண்டு மைல். கட்டணம் ஒன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று நினைவு. முன்னால் ஒரு லாரி போனால் அது கிளப்பும் புழுதியை நாமக்கல் மலை கண்ணில் படும்வரை தின்றுகொண்டே போக வேண்டும். அங்கிருந்து பரமத்தி வண்டியில் ஆறு மைல் போய் இறங்கி, ஒரு மைல் உள்ளே நடந்தால் எனக்குக் குறித்துக் கொடுத்த ஊர். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நடத்துநர் என் பையைப் பார்த்து, "டீச்சரம்மாவுங்களா? அந்த ஊர்ல பள்ளிக்கூடமே இல்லீங்களே" என்றார்.

"டீச்சர் இல்லைங்க. கடன் கணக்கு எடுக்க வந்திருக்கேன்."

"அப்ப நாலு நாள் ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

மூன்றாம் நாள் காலை போன வீடு காளியப்பனுடையது. கடலைக் காடு நான்கு ஏக்கர், ஒரு கிணறு. மனைவி பாவாயி. ஒரே மகள் சரோஜா, பதினெட்டு வயதிருக்கும். பாவாயி என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். காளியப்பன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சரோஜா கொஞ்சம் தள்ளி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டதற்கெல்லாம் காளியப்பன் நிதானமாகப் பதில் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்தில் உரக் கடன். மளிகைக் கடையில் பாக்கி. பாவாயியின் தோடு அடமானம். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது.

"போன வருசம் ஆழப்படுத்துனோமுங்க. பாறை. வெடி வெச்சு வெச்சுப் பாத்தோம், தண்ணி வரலீங்க. அதுக்கு இவ அண்ணன்கிட்ட ஆயிரம் ரூபா வாங்குனேன்."

பாவாயிக்குச் சுருக்கென்றது. "அதைய எதுக்குங்க சொல்றீங்க? பொறந்தவன் குடுத்ததெல்லாம் கடனாகுமுங்களா? அம்மிணி, அதைய எழுதாதீங்க. எங்க அண்ணன் பையனுக்குத்தான் நம்ம சரோஜாவைக் குடுக்கப் போறோம். அதோட எல்லாம் தீந்துது."

எனக்குக் கொடுத்திருந்த விதி தெளிவானது. உறவினர் கொடுத்த பணமானாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் கடன், இல்லையென்றால் அன்பளிப்பு. ஆனால் இந்த வீட்டில் அதைக் கணவன் கடன் என்கிறார், மனைவி இல்லை என்கிறாள். நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த கேள்விகளுக்குப் போனேன். வட்டி? இல்லை. தவணை? இல்லை.

"ஈடு ஏதாவது வச்சீங்களா?"

காளியப்பன் தரையைப் பார்த்தார். கம்பு புடைக்கிற சத்தம் நின்றது.

"நாந்தானுங்க ஈடு" என்றாள் சரோஜா. "ஈடு என்னன்னு கேக்கறாங்கல்லங்கப்பா, என்னைய எழுதச் சொல்லுங்க."

பாவாயி எழுந்தே விட்டாள். "வந்தவுங்க முன்னால என்ன பேச்சுடி இது?" என்று கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. என் முன்னால் அடிக்க வேண்டாம் என்று நினைத்தாளோ, அவளுக்கே கை வரவில்லையோ, தெரியாது. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு வீட்டையே குழப்பிவிட்டோமே!

"அந்தப் பையனைப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி.

"அதெல்லாம் இல்லீங்க டீச்சரம்மா. மச்சான் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க." அவள் முகம் லேசாகச் சிவந்தது. உடனே பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "மாமனும் நல்லவுருதான். ஆனா நாளைக்கு அந்த ஊட்டுல ஒரு சண்டை வந்தா, ஆயிர ரூபாய்க்கு வந்தவதானேன்னு ஆரு வாயிலயாச்சும் வருமுங்க. வராதுன்னு எங்கம்மா சொல்லட்டும் பாப்போம். கடனைத் தீத்துட்டுக் கட்டிக் குடுங்க. கடனுக்குக் கட்டிக் குடுக்காதீங்க."

பாவாயி நான் குடித்த மோர்ச் செம்பை எடுத்துக் கவிழ்த்துவைத்தாள்.

காளியப்பன் எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். ஒரு பீடி புகைத்து முடிகிற நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து என்னிடம், "எழுதுங்க அம்மிணி. ஆயிரம். திருப்பிக் குடுக்கறது" என்றார்.

"எம் பொறந்தவன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?" என்று பாவாயி அழ ஆரம்பித்தாள். நான் எழுதினேன். ஈடு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, சரோஜாவுக்குப் படித்தும் காட்டினேன். அவள் தலையசைத்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆய்வில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போக வேண்டும். இடையில் ஒரு விளைச்சல். அறுவடைக்குப் பிறகு எவ்வளவு அடைந்தது, எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதற்கு. தை மாதம் அதே வண்டியில் அதே ஊருக்குப் போனேன். பனி விழும் காலம், நடை சுகமாக இருந்தது. மனம்தான் சுகமாக இல்லை. அந்த வீட்டைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

தள்ளிவைக்க முடியவில்லை. ஊருக்குள் நுழைந்ததுமே பாவாயியின் அண்ணன் முத்துசாமி ஆள் அனுப்பிவிட்டார். நான் வருவது தெரிந்து தங்கை வீட்டில் வந்து காத்திருந்தார். வெள்ளை வேட்டி, கனத்த மீசை, பெரிய உடம்பு. நான் உட்காருவதற்குள் ஆரம்பித்தார்.

"ஏனுங்க அம்மிணி, எந்தங்கச்சிக்கு நான் குடுத்ததைக் கடன்னு எழுதிக்கிட்டுப் போனீங்களாமா? நான் திருப்பிக் கேட்டனா? ஒரு நோட்டு எழுதி வாங்கியிருப்பனா?"

"நீங்க கேட்டீங்கன்னு எழுதலைங்க. குடுக்கணும்னு இவர் சொன்னதை எழுதினேன்."

அவர் கோபத்தை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் கண் கலங்கியது. "அஞ்சு மாசமா எந்தங்கச்சி எங்கூட சரியாப் பேசறதில்லீங்க. ஊட்டுக்கு வந்தா ஒறம்பரைக்கு, விருந்தாளிக்கு வைக்கற மாதிரி எலை போடறா. நான் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்கறேன்?"

காளியப்பன் உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் அதன்மேல் பணமும் வைத்துக் கொண்டுவந்தார். எழுநூறு ரூபாய். கடலை விற்ற பணம் பாதி. மீதி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாடு இரண்டையும் விற்றது.

"மாட்டை வித்தீங்களா?" முத்துசாமி நம்பவில்லை.

"தண்ணியில்லாத கெணத்துக்கு மாடு எதுக்குங்க?" என்றார் காளியப்பன்.

முத்துசாமி தட்டைத் தொடவில்லை. சரோஜா கதவோரம் வந்து நின்றாள்.

"வாங்கிக்கோங்க மாமா. நீங்க வாங்குனாத்தான் உங்க ஊட்டுல நான் தலை நிமுந்து நடக்க முடியும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, இப்ப என்னன்னு எழுதுவீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"வாங்கினது ஆயிரம், கொடுத்தது எழுநூறு, பாக்கி முன்னூறு."

"பாக்கியை விட்டுருங்க அம்மிணி. சீர்ல கழிச்சுக்கலாம்."

"எழுதுங்க டீச்சரம்மா" என்றாள் சரோஜா. "அடுத்த கடலைக்குக் குடுத்துருவோம். கல்யாணம் அதுக்குப் பொறவுதான்."

முத்துசாமி வாய்விட்டுச் சிரித்தார். "எம்பையன் பாடு திண்டாட்டந்தான் போ" என்றார். அன்று என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. கம்பஞ்சோறும் கீரையும். முத்துசாமியும் உடன் உட்கார்ந்தார். பாவாயி அண்ணனுக்கு இலை போடவில்லை. வீட்டு ஆட்களுக்குப் போடுகிற வட்டிலில் போட்டாள். அவர் அதைக் கவனித்தார்.

எங்கள் தாள்கள் சென்னைக்குப் போயின. தாலுகா வாரியாகக் கூட்டி, வகுத்து, ஒரு புத்தகமாக வந்ததாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. நாமக்கல் தாலுகாவின் சராசரியில் அந்த முன்னூறும் எங்கோ கலந்திருக்கும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. முதல் முறை பாவாயியின் பேச்சைக் கேட்டு நான் விட்டிருந்தாலும் அந்தச் சராசரி அசைந்திருக்காது. அந்த வீட்டுக்கு மட்டும் எல்லாமே வேறாகியிருக்கும். கணக்கெடுப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டும்தான் சேர்ந்து நினைவுக்கு வரும்.

போகப் போகிற மாணவிக்குச் சில விஷயங்கள். ஊர்ப் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகாதே. பாதி ஊருக்குக் கடன் கொடுத்தவர் அவராகவே இருக்கலாம். தள்ளுபடி இல்லை, ஜப்தியும் இல்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒருமுறையும், பெண்களிடம் தனியாக ஒருமுறையும் கேள். இரண்டு பதிலும் ஒன்றாக இல்லாவிட்டால் உடனே ஒன்றை அடிக்காதே, காத்திரு. உறவுக்காரர் கொடுத்த பணத்தைக் கட்டாயம் கேள். வங்கிக் கடனைவிட அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். கொடுக்கிற மோரைக் குடி. இரண்டாம் முறை போக மனம் கூசுகிற வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்கு முதலில் போ. இப்போது சாலைகள் நன்றாக இருக்கின்றன, சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் நாமக்கல் போய்விடலாம் என்கிறார்கள். ஆனாலும் ஒரு வீட்டில் உட்காருகிற நேரத்தை மட்டும் குறைக்காதே.

ஆய்வு முடிந்து நான் பள்ளி ஆசிரியை ஆனேன். ஏதோ வேலையாக நாமக்கல் போனபோது, பேருந்து நிலையத்தில் ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். புதுத் தாலி, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. பின்னால் ஒரு வாலிபன் இரண்டு பையையும் சுமந்துகொண்டு நின்றான். எனக்கு ஆளைத் தெரியச் சற்று நேரமாயிற்று.

"சரோஜாவா! கல்யாணம் ஆயிடுச்சா?" என்றேன். பழைய தொழில்புத்தி போகவில்லை. "அப்போ அந்தப் பாக்கி?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்னங்க டீச்சரம்மா, பாக்கி இருந்தா கல்யாணம் ஆயிருக்குமுங்களா?"