ஈரச் சொக்ஸும் யுத்தப் பாடமும்

பிஸ்கட் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டிப் பார்க்கிறார் றொஜர். ‘டொக்’ என்று சத்தம் வந்தால்தான் அவருக்குத் திருப்தி. “இது பல்லுக்கில்லை அக்கா, பாடத்துக்கு” என்று எனக்கும் ஒன்றை நீட்டுகிறார். ஓட்ஸும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுட்ட அவுஸ்திரேலிய யுத்தகாலப் பலகாரமாம். அதற்கு ஊற்றவேண்டிய பாகு பலெர்மோவில் கிடைக்கவில்லையாம். பல்லரோச் சந்தைப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையில் கித்துள் பாணி வாங்கி ஊற்றியிருக்கிறார். கித்துள் மணக்கும் அவுஸ்திரேலியப் பிஸ்கட்டை உலகத்தில் வேறு எங்கே தின்னலாம், சொல்லுங்கள்?

நான் றொஜர் படிப்பிக்கிற பள்ளியின் பிடெல்லா, எடுபிடி வேலைக்காரி. மணி அடிப்பது, துடைப்பது, ஆசிரியர்களுக்குக் கோப்பி போடுவது, வகுப்பு வாசலில் நின்று ஒட்டுக்கேட்பது எல்லாம் என் பொறுப்பு. கடைசி வேலைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதைத்தான் மனமொப்பிச் செய்கிறேன். றொஜர் மன்னாரில் பிறந்து மெல்பேணில் வளர்ந்தவர். எங்கள் கோவிலில் பாட்டுப் படிக்கும் கிளறாவைக் கட்டி இங்கே வந்து சேர்ந்தார். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கத்தான் அவரை எடுத்தார்கள். அவரோ அவுஸ்திரேலியர்கள் யுத்தத்தில் பட்ட பாட்டை ஆங்கிலத்தில் படிப்பிக்கிறார். “வினைச்சொல் எண்டாப் பிள்ளையள் கொட்டாவி விடத்தான் வாயைத் திறப்பினம். யுத்தமெண்டாக் கேள்வி கேக்கத் திறப்பினம் அக்கா.”

முப்பது தொடாத வயது. மாரியிலும் கட்டைக் காற்சட்டை. கதிரையில் இருந்து படிப்பித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. வரைபடத்தையும் அம்புக்குறியையும் கண்டால் அவருக்கு ஆகாது. “ஜெனரல்மாரை விடுங்கோ. ஆள் என்ன திண்டவன்? ஆருக்குக் கடிதம் எழுதினவன்? சப்பாத்துக்க தண்ணி போனா என்ன செய்தவன்?” இதுதான் அவருடைய பாடத்திட்டம் முழுக்க.

இந்தச் சப்பாத்துத் தண்ணியால்தான் வினை வந்தது. பதுங்குகுழியில் நின்றவனின் கால் எப்படியிருந்திருக்கும் என்று காட்ட, பிள்ளைகள் எல்லாரையும் சொக்ஸை நனைத்துப் போட்டுக்கொண்டு பாடம் முடியும்வரை இருக்கச் சொன்னார். ஐயோ! பலெர்மோத் தாய்மாரிடம் போய்ச் செய்கிற வேலையா இது? தலைமயிர் காயாமல் பிள்ளை பல்கனிக்கு வந்தாலே மாதாவைக் கூப்பிட்டு அலறுகிற சனம். அடுத்த நாள் ஃப்ரான்செஸ்கோவின் தாய் குடையும் கையுமாக வந்து நின்றா. வெளியே மழையுமில்லை, ஒன்றுமில்லை. “என்ர பிள்ளைக்கு நிமோனியா வந்தா ஆர் பொறுப்பு?” என்று அவ இத்தாலியனில் போட்ட சத்தத்தில் நான் மணி அடிக்க மறந்துபோனேன்.

சண்டையை நிறுத்தினது என் கோப்பிதான் என்று நான் சொல்வேன். இல்லை, தான் கேட்ட மன்னிப்புத்தான் என்று றொஜர் சொல்கிறார். எதுவோ, அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டா. கோப்பி முடிவதற்குள் அவவின் பாட்டன் கதை வந்தது. இத்தாலியன் படையில் போய், லிபியாப் பாலைவனத்தில் அவுஸ்திரேலியர்களிடம் பிடிபட்டு, கப்பலில் போய், அங்கே பண்ணையில் ஆடு மேய்த்துத் திரும்பி வந்தவராம். சாகும்வரை ஆட்டிறைச்சியைக் கையால் தொடவில்லையாம். றொஜர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். போகும்போது அந்த அம்மா அவருடைய கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனா.

ஏப்ரல் இருபத்தைந்து இங்கே விடுதலை நாள். அவுஸ்திரேலியாவிலும் அதே நாளில்தான் யுத்தத்தில் போனவர்களை நினைக்கிறார்கள். அன்று பள்ளி லீவு என்பதால் றொஜர் முதல்நாளே வகுப்பில் அதைச் செய்வார். ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி, யுத்தத்தில் செத்த ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் அமைதியாக நிற்பார்கள். இந்த முறை ஃப்ரான்செஸ்கோ தன் பூட்டனின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டான். தாராளமாகச் சொல் என்றார். பெடியன் அத்தோடு விட்டானா? “ப்ரொஃப், நீங்களும் அவுஸ்திரேலியன்தானே? அப்ப நீங்கள் பிறந்த ஊரில நடந்த யுத்தமும் அவுஸ்திரேலியன்ர யுத்தம்தானே? நீங்கள் ஆற்ற பேரைக் கொண்டு வாறீங்கள்?”

“கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு றொஜர் நேரே என்னிடம் வந்தார். கோப்பியைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே நின்றார்.

“எனக்கொரு அண்ணன், அக்கா. எமிலியானுஸ். நாங்கள் மன்னாரில இருக்கேக்க, யுத்த நேரம், சைக்கிள்ல ரவுணுக்குப் போனவன். ஆள் வரேல்லை.”

தாய் இன்றுவரை, செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில் அந்தப் பெயரை வாசிக்கக் கொடுத்ததில்லையாம். வருடாவருடம் அவனுடைய பிறந்தநாளுக்குத் தேகசுகத்துக்கென்று பூசை ஒப்புக்கொடுப்பாவாம். உயிரோடிருப்பவர்களுக்குக் கொடுக்கிற பூசை அது.

“அம்மாட்டை ஒரு சொல் கேளும் தம்பி” என்றேன். அங்கேயே நின்று போன் போட்டார். மெல்பேண் குரல் கோப்பி மெஷினுக்கு மேலால் கேட்டது.

“செத்தவையோட அவன்ர பேரைச் சேர்த்தியெண்டா என்னோட கதையாதை, றொஜர்.”

“சேர்க்கேல்லை அம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சாப்பிட்டியா?”

“ஓமம்மா” என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார். “அவன் இல்லை அக்கா. எனக்கு அது தெரியும். அம்மாக்காகத்தான் வாய் திறக்காமல் இருக்கிறன். இப்ப பெடியளுக்கும் வாக்குக் குடுத்திட்டன்.”

விடுதலை நாளுக்கு முதல்நாள் நான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு வகுப்பு வாசலை விட்டு அசையவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிப் பெயர் சொன்னார்கள். ஃப்ரான்செஸ்கோ பூட்டனைச் சொல்லும்போது ஆட்டுக் கதையையும் சேர்த்துச் சொன்னான். பிறகு அமைதி. அது முடிந்ததும் எல்லாரும் இருந்துவிட்டு அவரையே பார்த்தார்கள்.

“என்ர அண்ணன்” என்றார் றொஜர். “பேர் எமிலியானுஸ். போகேக்க வயது பத்தொன்பது. போனவன் இன்னும் வரேல்லை. வருவான் எண்டு அம்மா சொல்லுறா. அதாலை அவனுக்கு இந்த அமைதி வேண்டாம்.”

“அப்ப என்ன செய்யிறது, ப்ரொஃப்?” என்று கேட்டான் ஃப்ரான்செஸ்கோ.

றொஜர் வெண்கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

“ஆள் வரேல்லையெண்டாக் கூப்பிடோணும்” என்றான் பெடியன், இதிலென்ன யோசிக்க இருக்கிறது என்பதுபோல. எங்கள் பள்ளி நிற்கிற பல்லரோவில் அப்படித்தான். பிள்ளை நேரத்துக்கு வீடு வராவிட்டால் தாய் ஜன்னலைத் திறந்து தெரு முழுக்கக் கேட்கக் கத்துவா. அவன் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தான். மீன்காரன் மகன், தொண்டைக்குக் கேட்கவா வேண்டும்? “எமிலியானோ!” என்று அந்தப் பெயரை இத்தாலியனாக்கி ஒரு கத்து. அடுத்த கத்துக்கு வகுப்பே ஜன்னலில் ஏறி நின்றது. கீழே தக்காளி விற்றுக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்த்து, “எந்த எமிலியானோ? இஞ்சை அப்படி ஒருத்தனும் இல்லை!” என்று திருப்பிக் கத்தினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணம், ஐயோ, இந்த மனிசன் என்ன பாடுபடுதோ என்று பயந்து திரும்பினேன்.

றொஜர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்திருந்தார். இரண்டு கையையும் ஊன்றி, இடுப்புவரை வெளியே எட்டி, தெருவின் அந்தத் தொங்கலைப் பார்த்தார். பிறகு இந்தத் தொங்கலையும் பார்த்தார்.