ஜீப்புக்கு வைத்த தும்பிக்கை

எழுதத் தெரிந்தவர்கள் செய்யும் வேலையில் நான் கை வைப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. எங்கள் வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்த்து, “இது என்னக்கா, ஓரமா ஒரு குழாய் மேல வரைக்கும் போகுது?” என்று கேட்கிறவர்களுக்கு இதுவரை ஒரு சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுத்திருக்கிறேன். முழுப் பதிலை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வீடு திருவானைக்காவலில். வாழைத் தோட்டம் கொள்ளிடத்துப் படுகையில், ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம். வெள்ளம் வரும்போது அங்கே யாரும் போக முடியாது, போகவும் கூடாது. அது வடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் தார் முற்றும். பரிசலில் எத்தனை தாரை ஏற்றுவது? பாதிக்கு மேல் மரத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போகும். இப்படிச் சில வருடம் போனதும் என் கணவர் மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். தோட்டத்தைக் கூலியாட்களை வைத்து நான் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் போனில் சொன்னார். அங்கே மலை ஓடைகளில் பானெட் முங்கும் தண்ணீரிலும் ஜீப்புகள் போகின்றனவாம்.

“இன்ஜின் மூச்சு இழுக்கிற வாய் பானெட்டுக்குள்ள கீழ இருக்கு. அது வழியா தண்ணி போனாத்தான் வண்டி காலி. அந்த வாயை ஒரு குழாய் போட்டு மேல தூக்கிட்டா ஒண்ணும் ஆவாது. நம்ம ஜீப்புக்கும் பண்ணலாம்.”

“பண்ணிட்டா?”

“ஜீப்பு ஓடையத் தாண்டிடுச்சுன்னா நான் எதுக்கு இங்க கெடந்து காயணும்? தோட்டத்தைப் பாத்துக்கிட்டு அங்கயே இருந்துட மாட்டேனா?”

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கூச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டு அரியமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பட்டறைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “என்னக்கா, மச்சான் இத நீர்மூழ்கிக் கப்பலா மாத்தச் சொல்றாரா?”

நான் போனில் அவரைக் கூப்பிட்டு நீட்டினேன். அவர்கள் இருவரும் வீடியோவில் பேசிக்கொண்டார்கள். மட்கார்டில் ஓட்டை போட்டு, இரும்புக் குழாயை வளைத்துக் கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஏற்றினார்கள். உச்சியில் முன்பக்கம் பார்த்த மாதிரி ஒரு வாய். கீழே ஏர் ஃபில்டர் டப்பாவோடு ரப்பர் ஹோஸ் போட்டு இறுக்கி, சந்து பொந்தெல்லாம் பசை வைத்து அடைத்தார்கள். குப்பை போகாமல் வாய்க்கு வைக்க வலை கையில் இல்லை, அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார் பட்டறைக்காரர். போனைப் பிடித்திருந்தது நான்தான்.

“கிளாம்ப காட்டு. இன்னும் கிட்ட. ஏய், உன் மூஞ்சிதான் தெரியுது.”

தெரிந்தால் என்னவாம் என்று நினைத்துக்கொண்டே போனைத் திருப்பினேன்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, “மேல ஏறி அந்த வாயைக் கையால பொத்துங்கக்கா” என்றார் பட்டறைக்காரர். “வண்டி ஆஃப் ஆவணும். ஆவலேன்னா எங்கயோ காத்து வாங்குதுன்னு அர்த்தம்.”

படியில் ஏறி உள்ளங்கையை வைத்தேன். கையை உள்ளே பிடித்து இழுத்தது. இன்ஜின் ஒரு முனகு முனகி அடங்கிவிட்டது. போனுக்குள்ளிருந்து, “ஆஃப் ஆயிடுச்சா? ஆயிடுச்சா?” என்று அவர் சத்தம். உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது. பசை காயட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வட்டம் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

தெருவில் எல்லோரும் அதைத் தும்பிக்கை என்றார்கள். ஆனைக்காவில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவர் ஒரு மாத லீவில் வந்தார். வந்த நேரம், ஆற்றில் தண்ணீர் அதிகம். தினம் சாயங்காலம் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவோம். அந்த மாதத்தில் அவரோடு நடந்த நடைதான் மிச்சம். ஓடைத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியபோது, அவர் கிளம்ப ஒரே நாள் பாக்கி.

அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். முன்பக்கம் கட்ட வைத்திருந்த செண்டுப்பூ மாலையை அவர் கையில் வாங்கி, “இன்னிக்கு மரியாதை எல்லாம் இவருக்குத்தான்” என்று தும்பிக்கையின் கழுத்தில் போட்டார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

கரையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டரோடு நின்றார். “மாப்ள, கப்பல் எந்த ஊருக்கு? தங்கச்சிக்கு நீந்தத் தெரியுமா?”

“நீ கயித்தோட தயாரா நில்லு, போதும்.”

மெதுவாக இறங்கினோம். தண்ணீர் ஹெட்லைட்டை மூடியது, பானெட்டின் மேல் ஏறியது. காலடியில் சில்லென்று பாய்ந்தது. வண்டி நிற்கவில்லை. எதிர்க்கரை வாழை இலைகளின் கிழிசல்கூடத் தெரிந்தது. அவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். அப்போது ஒரு முனகல். எங்கேயோ கேட்ட முனகல். இன்ஜின் நின்றுவிட்டது.

அவர் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். உள்ளே தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருகினால் இன்ஜின் உடைந்துபோகும். டிராக்டரில் கயிறு கட்டி வந்த கரைக்கே இழுத்தார்கள்.

ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“பின்ன ஏன் நின்னுச்சு?” என்று அவர் தலையைச் சொறிந்தார். நான் மேலே பார்த்தேன். மாலையில் பாதி வெளியே தொங்கியது. மீதி தும்பிக்கையின் வாய்க்குள் போய் அடைத்திருந்தது.

“என்னங்க... மாலை.”

பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆனை மாலையத் தின்னுடுச்சு மாப்ள! பட்டினி போட்டா கூட்டிட்டு வந்த?” என் கணவரும் மணலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். போனில் அவர் சிரித்தால் பாதியில் அறுந்து அறுந்து கேட்கும். அன்று முழுசாகக் கேட்டேன்.

டிராக்டர் போன பிறகு மெதுவாகச் சொன்னேன். “தண்ணி உள்ள போவலைங்க.”

“ஆமா. போவல.”

“இன்னொரு தடவை இறக்கிப் பாக்கலாமா?”

அவர் பிய்ந்த மாலையைக் கையில் உருட்டிக்கொண்டு ஓடையையே பார்த்தார். “வெளிச்சம் போவுதும்மா. பெட்டி வேற கட்டணும்.” மாலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, “அடுத்த லீவுல தாண்டிடும்” என்றார்.

நான் கேட்டது வண்டியைப் பற்றி இல்லை என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். 

மறுநாள் மதியம் விமானத்தில் போனார். சாயங்காலம் பட்டறைக்காரர் வந்து தும்பிக்கையின் வாய்க்கு வலை வைத்துவிட்டுப் போனார்.