காட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

என்னை மாதிரி ஆளிடம் ஒரு காட்டைக் கொடுத்தது யார் புத்தி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. முப்பத்துநாலு வருஷம் மத்திய சர்க்கார் ஆபீசில் ஃபைல் தள்ளியவன் நான். மேஜையில் ஒரே ஒரு மணிபிளான்ட் வைத்தேன், அதுவும் செத்தது. "துளசிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தினதில்ல, இப்போ காடு வளக்கப் போறாராம்!" என்று என் மனைவி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரர் வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

இடம் தில்லியின் தெற்கு ஓரம். ஒரு காலத்தில் கோதுமையும் கடுகும் விளைந்த வயல். சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. லக்ஷ்மிபாய் நகர் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். எல்லாரும் ரிடையரானவர்கள், எல்லாரும் தமிழர்கள். மூன்று வருஷம் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ச் சீமைக்கருவேலத்தை வெட்டி, இந்த மண்ணுக்கே உரிய வன்னி, இலந்தை, புரசு என்று நட்டோம். கூட ஒரு அம்மாவும் வருவாள். விழுப்புரம் பக்கம். வாரம் ஆறு நாள் கட்டட வேலை, ஏழாம் நாள் இங்கே. ஏம்மா வருகிறாய் என்று கேட்டால், "சும்மாதான் சார்" என்பாள்.

மூன்றாம் வருஷம், பழைய வரப்பின் அடியில் ஒரு பொந்தும் பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக ஒரு முள்ளும் இருந்தன. முள்ளம்பன்றி! கூப்பிடாமலே வந்து குடியேறியிருந்தது. அந்த முள்ளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடமெல்லாம் காட்டினேன்.

அப்போதுதான் கடிதம் வந்தது. ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். நிலம் காடாகவே இருக்கலாமா, வேறு காரியத்துக்குப் போகுமா என்பது அவர் எழுதுவதைப் பொறுத்தது. மூன்று வருஷ உழைப்பு அவர் பேனா முனையில்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும், சுத்தம். மந்திரி வருகிறார் என்றால் மாடிப்படி வரை கழுவிவிட்ட பரம்பரை. பதினோரு பேரும் விளக்குமாற்றோடு இறங்கினோம். சருகை ஒரு இலை பாக்கியில்லாமல் கூட்டி டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். புதரை மட்டமாகக் கத்தரித்தோம். மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பும் காவியும் அடித்தோம். அதிகாரி கால் இடறிவிடுமே என்று, என் கையாலேயே, பொந்தைச் செங்கல் வைத்து சிமெண்ட் பூசி அடைத்தேன். சமமாக வந்திருக்கிறதா என்று மட்டம் வேறு பார்த்தேன்.

"காட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களே சார், பொங்கலா வருது?" என்றாள் அந்த அம்மா. போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன்.

அதிகாரி வந்தார். சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வாஹ்! பஹுத் அச்சா! இது ஜங்கிளே இல்லை, அசல் பார்க்! பெஞ்சு போட்டுப் புல்தரை வைத்துவிட்டால் ஜனங்கள் வந்து உட்காரலாம். அப்படியே எழுதிவிடுகிறேன்."

பாராட்டிலேயே மண் விழுந்தது. பார்க் என்று எழுதிவிட்டால் காடு போச்சு. நான்தான் கையைப் பிசைந்துகொண்டு, "இன்னும் எட்டு நாள் கழித்து ஒரு தரம் பாருங்கள் சாப், இது எங்களுடைய தப்பு" என்று கெஞ்சினேன். என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. பாவம், சரி என்றார்.

அடுத்து நடந்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். குவார்ட்டர்ஸ் வாசல் வாசலாகப் போய், "பாய்சாப், குப்பை இருக்கா?" என்று பெருக்குகிறவர்களிடம் பிச்சை கேட்டோம். மூட்டை மூட்டையாக வேப்பஞ்சருகு ஆட்டோவில் போயிற்று. பிஸ்கட் உறைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கணுக்கால் புதையும்படி காடெங்கும் பரப்பினோம். எங்களில் ஜாயிண்ட் செக்ரட்டரியாக இருந்தவர் தேங்காய்நாரால் மரத்தின் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் உளியும் சுத்தியலுமாக சிமெண்டை உடைத்தேன். "நான் அடைச்சப்போ உள்ளே இருந்திருக்குமோ?" என்றேன்.

"பகல்ல உள்ளதான் தூங்கும். வெளியே பூட்டைப் போட்டுட்டு, வீட்ல ஆள் இருக்காங்களான்னு இப்போ கேளுங்க" என்றாள் அந்த அம்மா. பொந்தில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். "செத்த வாடை ஒண்ணும் இல்ல. உசுரு இருக்கிற வாடையும் இல்ல." எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் அதிகாரி திரும்ப வந்தார். வரப்பின் மறுகோடியில் இலந்தை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சருகைப் பார்த்து முகம் சுளித்தார். "குப்பையாக்கிவிட்டீர்களே! சரி, இங்கே ஏதாவது மிருகம் உண்டா?"

சட்டைப்பையில் அந்தப் பழைய முள் இருந்தது. நைசாகக் கீழே போட்டுவிட்டு, இதோ பாருங்கள் என்றிருக்கலாம். மனசு வரவில்லை. "ஒன்று இருந்தது சாப். நான்தான் உயிரோடு அடைத்துவிட்டேன்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்து, பின்னால் சாய்ந்தார். நாற்காலியின் பின்கால் இரண்டும் சருகுக்குள் சரேலென்று இறங்கின. மனுஷர் மல்லாந்து விழுந்தார். கால் இரண்டும் ஆகாசத்தில்.

எல்லாரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் குழியைப் பார்க்க ஓடினேன். புதுப் பொந்து! நாங்கள் கொட்டிய சருகு வாயை மூடியிருந்தது. உள்ளே ஈரமண், அதன்மேல் நேற்று விழுந்தது போல ஒரு முள். "இருக்கு! ஐயோ, உயிரோட இருக்கு!" என்று தமிழிலேயே கத்தினேன். அதிகாரி இன்னும் தரையில்தான் இருந்தார்.

இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்தார். ஃபைலை வாங்கி நின்றபடியே இரண்டு வரி கிறுக்கி, என் கையிலேயே திணித்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன சார் எழுதினாரு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

படித்தேன். கண்ணீர் மறைத்ததால் இன்னொரு தரமும் படித்தேன். "மனுஷங்க வந்துபோக லாயக்கில்லாத இடமாம். இருக்கிறபடியே விட்டுடணுமாம்."

"அப்பாடா" என்றாள். பிறகு குனிந்து, சரிந்து கிடந்த மண்ணைக் கையால் ஒதுக்கி, வாசலைத் திறந்துவிட்டாள்.