கால் முன்னே வந்தவள்

ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு சூடு உண்டு என்பது எட்டு வயதிலேயே என் உள்ளங்கால்களுக்குத் தெரியும். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் முதுகு இறுகிப்போய், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் மெஷின் ஆயில் நெடியோடு கொதிக்கும். கல் தூக்குகிறவர்களின் முதுகில் நடுத்தண்டின் இரண்டு பக்கமும் சதை வரப்புக் கட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஒற்றை அறை வீட்டில் பாயை விரித்து அவர்கள் ஒவ்வொருவராகக் குப்புறப் படுக்க, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறி நடப்பேன்.

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த "லைன் வீடு" எங்களுடையது. ஊத்தங்கரைப் பக்கம் மழையை நம்பி உழுது அலுத்துப்போய் வந்த எங்களைப் போன்றவர்களும், தெலுங்கும் கன்னடமும் பேசுகிற சுற்றுவட்டாரத்துக்காரர்களும் அங்கே கலந்திருந்தோம். பேச்சு வேறானாலும் ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் பொது: பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்த பிள்ளை ஏறி மிதித்தால் முதுகுப் "பிடிப்பு" விட்டுவிடும். நான் அப்படிப் பிறந்தவள் என்று அம்மா சொல்லியிருந்தாள், போதாதா? பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் கிடந்தவளுக்கு லைன் வீட்டில் ராஜ மரியாதை. எனக்கும் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்!

மூன்றாம் வீட்டு முனிராஜு மாமா கிரானைட் பட்டறையில் வேலை பார்த்தார். தெலுங்குக்காரர், மெலிந்த ஆள், கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு படுத்ததும், "பர்வாலேதும்மா, நல்லா ஏறி மிதி" என்றார். இடுப்பிலிருந்து நாலு எட்டு வைத்திருப்பேன். தோள்பட்டைகளுக்குக் கீழே, நடுமுதுகில், என் வலது குதிகால் பட்ட இடம் குளிர்ந்திருந்தது. சுற்றிலும் சூடு, அந்த இடத்தில் மட்டும் ஈரத்தரையில் மிதித்தது போல ஒரு குளிர்ச்சி. அதற்குள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து எனக்கு வழி விட்டது. நான் கத்திக்கொண்டு கீழே குதித்தேன்.

"இன்னாடி ஆச்சி?" என்றார் அப்பா.

"அங்க ஆள் இல்லப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அதட்டினார், மாமா கொஞ்சினார், நான் கதவு மூலையில் ஒடுங்கிக்கொண்டு காலை வைக்கமாட்டேன் என்று சாதித்துவிட்டேன்.

நாலாம் நாள் பட்டறையில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க வரவில்லை. கால்கள் மரத்துப் போயிருந்தன. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பில் டி.பி., எலும்பு உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கிறது, பிடிப்பென்று யாராவது ஏறி மிதித்திருந்தால் ஆள் ஆயுசுக்கும் எழுந்து நடந்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமா பிழைத்தார். மாதக்கணக்கில் மாத்திரை, பெல்ட், பிறகு கொஞ்சம் கூன் விழுந்த நடை. அவர் மனைவி ரத்னம்மாக்கா பூவும் பழமுமாக வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று இழுக்க இழுக்க, என் உள்ளங்காலைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரும் மிதிக்கச் சொல்லி வரவில்லை. அது மட்டுமானால் பரவாயில்லையே. தண்ணீர்த் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருக்கிற ஆண்கள், நான் அந்தப் பக்கம் போனால் சொல்லிவைத்தது போல ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்து நிற்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் பின்னால் நான் நடந்து வந்தால், அவர்கள் ஒதுங்கிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நான் கடந்துபோகிற வரை காத்திருப்பார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. சிரித்த முகமாகத்தான் நின்றார்கள். கிணற்றைச் சுற்றி நடக்கிற மாதிரி என்னைச் சுற்றி நடந்தார்கள்.

தங்கள் முதுகையும் நான் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று பயந்ததற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். முதுகு கெட்டுவிட்டது என்று தெரிந்த மறுநாளே "நாளையிலருந்து வரவேணாம்" என்றுவிடுவார்கள். வலியோடு வேலைக்குப் போகலாம். வியாதி என்று தெரிந்துவிட்டால் போக முடியாது. இதெல்லாம் எட்டு வயதில் எனக்குத் தெரியுமா? என் பாதங்களைப் பார்க்கக்கூடப் பயந்து, வெயில் காலத்திலும் பள்ளிக்கூட சாக்ஸோடு படுத்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பா வாசற்படியில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள ஓடினேன். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று திரும்பி, கதவு நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டார். "அப்பிடியே நில்லு பாப்பா" என்றார். எத்தனையோ ராத்திரி அந்த முதுகில் தொங்கியபடியே தூங்கிப்போனவள் நான். அதன் பிறகு அவர் சுவரில் சாய்ந்து சாப்பிட்டார், மல்லாந்து தூங்கினார், நான் இருக்கும்போது சட்டை மாற்றவில்லை.

பத்து நாள் போயிருக்கும். காலையில் தண்ணீர் வந்து எல்லோரும் தொட்டியடியில் கூடியிருந்தபோது, அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவ தலை முன்ன வந்தவதான். மூணாவதும் பொட்டப்புள்ளன்னு இவங்கப்பன் வூட்டுல மூஞ்சத் திருப்பிக்கினாங்க. அதான் கால் முன்ன வந்துச்சின்னு பொய் சொன்னன். எம் பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்றன்!" என்று என் உச்சந்தலையில் ஓங்கி அடித்தாள்.

பிறகு வந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. எங்களை ஏமாற்றினாயே என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ரத்னம்மாக்கா அன்றிலிருந்து அம்மாவோடு பேசவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்கிறவள் எந்த ஊரிலும் இல்லை, செய்தால் பிள்ளை தங்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் முதுகுகள் மறுபடி பயமில்லாமல் என் பக்கம் திரும்பின. அப்பாவும் ஒரு மதியம் குப்புறப் படுத்துத் தூங்கினார். நான் வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த லைன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. தொட்டி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அப்பாவும் இல்லை, முனிராஜு மாமாவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து எனக்கும் முதுகு பிடித்துக்கொள்ள, போன மாதம் பைபாஸ் ரோட்டில் எலும்பைச் சொடுக்கி நிமிர்த்துகிற கிளினிக்குக்குப் போனேன். அந்தப் பையன் எக்ஸ்ரே பார்க்காமல் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டான். நல்ல பையன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பேச்சோடு, இத்தனை வருடம் கேட்காததையும் கேட்டேன்: தலை முன்னே வந்த சாதாரணப் பிள்ளைதான் என்றால், அன்றைக்கு மாமா முதுகில் எனக்கு எப்படித் தெரிந்தது?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கின்னாடி தெரியும்? வலில நெனவு தப்பிப் போச்சி. முழிச்சிப் பாக்கறப்ப நீ துணில சுத்திக் கெடந்த. தலையா காலான்னு நான் எங்க பாத்தன்?"

"அப்ப சத்தியம் பண்ணினியே?"

"ஒங்கப்பன் செவுத்துல ஒட்டிக்கினு ஒக்காந்ததை நீ பாத்துக்கினே இருந்தியே, அதுக்கோசரம் பண்ணன்" என்றாள். கை நின்றுவிட்டது. "அப்பறம் ஒரு வருசம் நான் தூங்கலடி. நீ தூங்கறப்ப மூக்குகிட்ட வெரலை வெச்சி வெச்சிப் பாத்துக்கினு கெடந்தன்."