நான் தூக்காத பெருவிரல்

பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். என் காலைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நிற்க வேண்டும். போன வருஷம் இடது கால் விறைத்து, தரையில் இழுபட ஆரம்பித்தது. "ஏட்டி, நடக்கியா, கூட்டுதியா?" என்று பக்கத்துத் தறிக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாண்டில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து போயிருக்கிறேன். யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். கழிவுத் துணியைக் கிழித்துச் செருப்பைக் காலோடு கட்டிச் சேலையால் மறைத்தேன். வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நான் விழுந்த பிறகு அவர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சின்னப் பெண், நிறைமாதம். கட்டிலில் ஏறியதும் அந்த அழுக்குத் துணி வெளியே தெரிந்தது. செருப்பு தானாகக் கழல்கிறதா என்று டாக்டர் கேட்டார். வார் லூசு என்றேன்.

கட்டை அவிழ்த்துச் செருப்பைக் கழற்றியதும், வெடித்துக் கிடந்த என் உள்ளங்காலில் சாவி முனையால் கோடு இழுத்தார். ஒவ்வொரு தடவையும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அம்மா, நீங்க இழுக்கிறீங்களா, விரல் தானா மேல போகுதா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"வாயும் வயிறுமா இருக்கீக. எங் காலப் போயித் தொடுதீகளே."

வீட்டுக்காரர் குனிந்து, "அவியளுக்குத் தெரியிறது நரம்பு மட்டுந்தான், உங் காலு இல்ல. நீட்டு" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டு, உள்ளங்காலை விட்டு, வெளிக் கணுக்காலுக்குக் கீழே கோடு இழுத்தார். அங்கே கூச்சமில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். பெருவிரல் மட்டும் மெதுவாக மேலே எழுந்தது. கைக்குழந்தைக்கு அப்படிப் போகலாம், பெரியவர்களுக்குப் போகக் கூடாது என்றார். மூளையிலிருந்து காலுக்கு வரும் நரம்புப் பாதையில் எங்கோ கோளாறு, கழுத்தில் இருக்கலாம் என்றார்.

"இப்ப நான் இழுக்கல" என்றேன். பிறகு, "செருப்பு கழண்டாலும் தெரியல. ரொம்ப நாளாவே" என்றேன். வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அந்த அழுக்குத் துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மதுரையில் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள்.